படுக்கப் பயந்த ஈச்சி

முள்ளங்காட்டின் நடுவில் ஒரு சேற்றுக்குட்டை இருந்தது. அதன் கரையில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் வாழ்ந்து வந்தது. கூட்டத்தின் தலைவன் பெயர் மருப்பன். அதன் கோரைப்பற்களைக் கண்டால் சிறுத்தைகூட வழியை மாற்றிக்கொண்டு போகும்.

அந்தக் கூட்டத்தில் ஈச்சி என்று ஓர் இளம் பெண்பன்றி இருந்தது. கொஞ்ச நாளாக ஈச்சி படுப்பதே இல்லை. மரத்தில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடும். தூக்கத்தில் கால் தளர்ந்து உடம்பு சரியும். உடனே திடுக்கிட்டு விழிக்கும்.

"ஐயோ! யார்மேலாவது விழுந்துவிட்டேனா?"

பதறிக்கொண்டு தன் வயிற்றுக்கு அடியில் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. வெறும் சேறுதான் இருக்கும்.

ஈச்சி இப்படி ஆனதற்குக் காரணம் போன மழைக்காலம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் அதிகக் குட்டி போடுகிறாளோ அவள்தான் அரசி. குட்டையின் நடுச்சேறு அவளுக்கு. அவளுடைய மகன்கள்தான் மற்ற பெண்பன்றிகளுக்கு மாப்பிள்ளைகள். இந்த யோசனையைச் சொன்னது நயவன் என்ற நரி.

"தலைவரே! பெரிய கூட்டம்தான் பலமான கூட்டம்! அதிகம் ஈனுகிறவளைக் கொண்டாடுங்கள்! அவள் வம்சத்தையே பெருக்குங்கள்!" என்றது நயவன். மருப்பனுக்கு அது பிடித்துப்போயிற்று.

பல தலைமுறையாக அப்படியே நடந்தது. குட்டிகள் ஏராளமாகப் பிறந்தன. ஒவ்வொன்றும் முன்பு இருந்ததைவிடச் சின்னதாகப் பிறந்தது. ஒரு தாய்க்கு இருக்கும் காம்புகளைவிட அதற்குப் பிறக்கும் குட்டிகள் அதிகமாயின.

ஈனும் பருவம் வந்தால் எல்லாத் தாய்களும் குட்டைக்கரைத் தாழம்புதருக்குள் ஒன்றாகப் போய் அடைந்துகொள்ள வேண்டும். சிறுத்தைக்குப் பயந்து மருப்பன் போட்ட கட்டளை அது. உள்ளே திரும்பிப் படுக்கவும் இடம் இருக்காது. தரையெல்லாம் நசநசவென்று ஈரம்.

போன மழைக்காலத்தில் அந்தப் புதருக்குள்தான் ஈச்சி தன் முதல் குட்டிகளை ஈன்றது. பதினான்கு குட்டிகள்!

"பதினான்கு! பதினான்கு!" என்று கூட்டமே கூத்தாடியது. நயவன் ஊளையிட்டு வாழ்த்தியது.

ஈச்சிக்கு இருந்த காம்புகள் பன்னிரண்டு. வலுத்த குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்தன. இளைத்தவை ஒதுங்கி நின்றன. ஈரமும் பசியும் சேர்ந்து அவற்றை நடுக்கின. சூடு தேடித் தாயின் வயிற்றுக்கு அடியில் நுழைந்துகொண்டன. ஈச்சி அசந்து படுத்தது. சுற்றிலும் ஒரே கூச்சல். அடியில் எழுந்த முனகல் அதன் காதில் விழவேயில்லை. பக்கத்துப் பன்றிகள் நெருக்கியதால் சட்டென்று எழவும் முடியவில்லை.

எழுந்து பார்த்தபோது மூன்று குட்டிகள் அசைவற்றுக் கிடந்தன.

மறுநாளும் அப்படியே ஆயிற்று. மீதி இருந்தவற்றைக் குளிர் கொண்டுபோயிற்று. மழை விடுவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கூட்டத்தில் யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. "குட்டி என்றால் சாகத்தான் செய்யும். அடுத்த தடவை இன்னும் நிறையப் போடு!" என்றார்கள்.

நயவன் மட்டும் தினமும் காலையில் வந்தது. "நீ பார்க்காதே அக்கா, மனசு தாங்காது. நான் கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறேன்" என்று சொல்லி, செத்த குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போயிற்று. இப்படியும் ஒரு நல்ல உள்ளமா என்று ஈச்சி அப்போது நினைத்துக்கொண்டது.

இப்போது ஈச்சி மறுபடி சினையாக இருந்தது. மேகம் கறுக்கத் தொடங்கியது. ஒரு காலைப்பொழுதில் நயவன் குட்டைக்கு வந்தது.

"அடேயப்பா! வயிறு தரையைத் தொடுகிறதே அக்கா! இந்த முறை நீதான் அரசி!"

"நயவா, எனக்குப் பயமாக இருக்கிறது."

"பயமா? சிறுத்தைக்கா? அதுதான் தலைவர் இருக்கிறாரே!"

"சிறுத்தைக்கு இல்லை. எனக்கு என்னைக் கண்டுதான் பயம்" என்றது ஈச்சி. "என் குட்டிகளைச் சிறுத்தை கொல்லவில்லை, நயவா. நான்தான் கொன்றேன்."

நயவன் வாயை நக்கிக்கொண்டது. "இதெல்லாம் வீண் மனக்கவலை. நிறையப் பெற்றால் சிலது போகும். நீ பெறுவதை மட்டும் பார். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்!"

அந்த நேரம் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கத் தவிட்டி வந்தது. தவிட்டி ஈச்சியைவிட மூத்த பன்றி. அது எப்போதும் ஆறு, ஏழு குட்டிதான் போடும். அதனால் கூட்டம் அதைப் புதருக்குள் சேர்ப்பதில்லை. அது பாறைச்சரிவில் தனியாக இருந்தது.

நடுச்சேற்றில் கிடந்த அரசி பூசணி பலமாகச் சிரித்தது. "ஆறு போட்டவள் வருகிறாள், வழிவிடுங்கள்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஈச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அது தவிட்டியின் பின்னால் பார்த்தது. போன மழைக்குப் பிறந்த ஆறு குட்டிகள் வரிசையாக நடந்து வந்தன. கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. பிறகு ஈச்சி பூசணியின் பக்கம் திரும்பியது. பதினாறு பெற்ற அரசியின் அருகில் நொண்டிக்கொண்டு ஒரே ஒரு குட்டி நின்றது.

ஈச்சி இரண்டு பக்கமும் மறுபடி எண்ணிப் பார்த்தது.

தவிட்டி திரும்பிப் போனபோது ஈச்சி பின்னாலேயே போயிற்று. சரிவில் ஏறியதும் தவிட்டி சட்டென்று திரும்பி உறுமியது.

"இங்கேயும் வந்து கேலி செய்ய வேண்டுமா?"

"இல்லை தவிட்டி. எனக்குப் படுக்கப் பயமாக இருக்கிறது. அதுதான் வந்தேன்."

தவிட்டியின் பிடரி மயிர் மெல்லப் படிந்தது. "எனக்கும் பயம்தான்" என்றது அது. "நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரி இல்லை. பயப்படுவதால் மெதுவாகப் படுக்கிறேன். அவ்வளவுதான்."

ஈச்சி சுற்றிலும் பார்த்தது. குடைபோல் நீண்ட ஒரு பாறை. அதன் அடியில் மண் காய்ந்து கிடந்தது. பழைய சருகும் புல்லும் குவிந்து ஒரு பெரிய கூடு. அதன் நடுவில் தவிட்டி படுத்த பள்ளம். பாறையின் அடியோரத்தில் குட்டிகள் மட்டும் நுழையக்கூடிய ஒரு சந்து. தாய் புரண்டாலும் அங்கே எட்டாது.

"நானும் இங்கே வரலாமா?"

"என் கூட்டுக்குள் வராதே. குட்டிகளுக்கு நெருக்கடி ஆகாது" என்றது தவிட்டி. "அதோ, இதேபோல் இன்னொரு பாறை இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்."

ஈச்சி அன்றே வேலையைத் தொடங்கியது. வாய் வாயாகக் காய்ந்த புல்லைக் கவ்வி வந்தது. சருகைக் குவித்தது. தன் பாறையின் ஓரத்திலும் மூக்கால் மண்ணைக் கிளறி ஒரு சந்து அமைத்தது.

இதை நயவன் பார்த்துவிட்டது.  ஒரே ஓட்டமாக மருப்பனிடம் ஓடியது.

"தலைவரே! ஈச்சி பாறைச்சரிவுக்குப் போகிறாள்! அங்கே சிறுத்தை நடமாடுகிறது! என் கண்ணால் பார்த்தேன்!"

மருப்பன் கோபத்தோடு வந்து ஈச்சியை மறித்தது. பூசணியும் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

"புதருக்குத் திரும்பு ஈச்சி! சரிவில் உன்னைக் காக்க என்னால் முடியாது!"

ஈச்சி அடி எடுத்து வைக்காமல் நின்றது. சிறுத்தை என்ற சொல்லைக் கேட்டாலே பன்றிக்கு ரத்தம் உறையும். அந்தப் பக்கம் போனால் சிறுத்தை. இந்தப் பக்கம் திரும்பினால் அந்த ஈரப்புதர், அந்தக் கூச்சல், அந்த முனகல்.

"வா அக்கா, வா!" என்று நயவன் குழைந்தது. "நான் இருக்கிறேன் அல்லவா? போன தடவை யார் உனக்குத் துணை நின்றது?"

ஈச்சி நயவனை உற்றுப் பார்த்தது. தன் குட்டிகள் சாகாத இடத்துக்குப் போனால் இவனுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

"நயவா, போன தடவை என் குட்டிகளை எங்கே புதைத்தாய்?"

"அது... ஆற்றங்கரையில்..."

"எந்த இடம்? எனக்குக் காட்டு. ஒரு தடவை பார்த்துவிட்டு உங்களோடு வந்துவிடுகிறேன்."

 நயவனின் வால் தானாகக் கால்களுக்கு இடையில் நுழைந்துகொண்டது. எல்லாப் பிராணியும் மெலிந்து போகும் மழைக்காலத்தில் இந்த நரிக்கு மட்டும் வயிறு தொந்தியாக இருக்கும். ஈச்சி அதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தது. தன் குட்டிகள் போன இடம் அதற்குப் புரிந்தது. 

"நான் போகிறேன் தலைவரே. சிறுத்தை வந்தால் சண்டை போடலாம். புதருக்குள் நான் யாரோடு சண்டை போடுவேன்?" என்று சொல்லிவிட்டு ஈச்சி சரிவில் ஏறியது.

"போ! போய்ச் சாவு!" என்று கத்தியது மருப்பன்.

மழை பிடித்துக்கொண்ட நாளில் ஈச்சிக்கு வலி கண்டது. பகல்தான், ஆனால் மேகம் கவிந்து காடே இருண்டிருந்தது. குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மொத்தம் பதினைந்து. மூன்று குட்டிகள் நெல்லிக்காய்போல் சின்னத் தலையோடு, மூச்சுவிடவும் தெம்பில்லாமல் பிறந்தன. ஈச்சி அவற்றை நக்கி நக்கிப் பார்த்தது. புல்லுக்குள் பொதிந்து வைத்தது. அப்படியும் அவை சிறிது நேரத்தில் அடங்கிப்போயின.

மற்ற பன்னிரண்டும் பாலுக்குக் கத்தின.

பால் கொடுக்க வேண்டுமானால் படுக்க வேண்டும். ஈச்சி படுக்கவில்லை. நான்கு காலையும் ஊன்றி நின்றது. உடம்பெல்லாம் சோர்வு. குட்டிகள் அதன் கால்களுக்கு இடையில் பின்னிப் பின்னி ஓடின.

அப்போது பாறைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. மழைச்சத்தத்தில் அது மிகவும் மெல்லியதாகக் கேட்டது.

"களைத்துப்போய்விட்டாயே அக்கா... படுத்துக்கொள்."

இரண்டு பச்சைக் கண்கள் பாறை வாயிலில் தெரிந்தன.

"எத்தனை நேரம்தான் நிற்பாய்? கண்ணை மூடு. அப்படியே சாய்ந்துவிடு. காலையில் நான் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன்... படு அக்கா... படு..."

 அந்தக் குரல் காதில் விழ விழ ஈச்சிக்குக் கண் சொருகியது. முழங்கால் மடங்கியது. இப்படியே விழுந்தால் நான்கு குட்டிகளாவது அடியில் போய்விடும் என்று அதற்குத் தெரிந்தது.

"பயப்படுவதால் மெதுவாகப் படுக்கிறேன்." தவிட்டி சொன்னது நினைவுக்கு வந்தது.

ஈச்சி நாக்கைக் கடித்துக்கொண்டு விழித்தது. "உர்... உர்... உர்..." என்று தாழ்ந்த குரலில் குட்டிகளை எச்சரித்தது. மூக்கால் ஒவ்வொன்றாகச் சந்தின் பக்கம் தள்ளியது. பாறைச்சுவரில் முதுகைச் சாய்த்தது. முதலில் முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டது. கொஞ்சம் பொறுத்தது. பிறகு பின்பக்கத்தைச் சுவரோடு உரசி உரசி, வழுக்குவதுபோல் கீழே இறக்கியது.

"வீல்!"

அடியில் ஒரு குரல்! ஒன்று மாட்டிக்கொண்டது!

போன தடவை அந்தக் குரலைக் கூச்சல் விழுங்கிவிட்டது. இன்று பாறைக்குள் அது ஊசிபோல் குத்தியது. ஈச்சி துள்ளி எழுந்தது. சுற்றிலும் இடம் இருந்தது, எழ முடிந்தது. ஒரு சின்னக் குட்டி தடுமாறிப் புரண்டு வாயிலை நோக்கி ஓடியது.

நயவன் அதற்காகவே காத்திருந்தது. ஒரே பாய்ச்சலில் உள்ளே தலையை நீட்டிக் குட்டியின் பின்னங்காலைக் கவ்வியது.

ஈச்சி யோசிக்கவில்லை. பெற்ற வலியும், இத்தனை நாள் பயமும், புதைக்கப்படாத பதினான்கு குட்டிகளும் சேர்ந்து அதன் தலையில் ஏறின. முட்டிய முட்டில் நயவன் பாறையில் மோதிச் சுருண்டது. குட்டியை விட்டது. சத்தம் கேட்டுத் தவிட்டியும் அதன் பிள்ளைகளும் உறுமிக்கொண்டு ஓடிவந்தார்கள். நயவன் ஒரு காதைப் பறிகொடுத்து, மழைக்குள் உருண்டு ஓடியது.

குட்டியின் காலில் கீறல் மட்டும்தான். அது தள்ளாடி வந்து ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு காம்பு, பன்னிரண்டு வாய்.

அன்று ஈச்சி தூங்கவில்லை. ஆனால் படுத்திருந்தது.

மழைக்காலம் முடிந்தது. பன்னிரண்டில் ஒன்றைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மற்ற பதினொன்றையும் அழைத்துக்கொண்டு ஈச்சி குட்டைக்கு இறங்கியது.

கரையில் இருந்த கூட்டம் குட்டிகளை எண்ணியது. தாழம்புதருக்குள் அந்த ஆண்டு எத்தனையோ பிறந்திருந்தன. வெளியே வந்தவை ஒரு கைப்பிடிதான்.

"எத்தனை போட்டாய்?" என்று கேட்டது மருப்பன்.

"அதைக் கேட்காதீர்கள் தலைவரே. எத்தனை நடக்கின்றன என்று பாருங்கள்! பாறையில் ஈரமில்லை, நெருக்கமில்லை. அதனால் இவை பிழைத்தன. அந்த இடத்திலும் மூன்று குட்டிகளை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அவை பிறக்கும்போதே மூச்சுக்குத் திணறின. அதிகமாகப் பெற வேண்டும் என்று நாம்தான் நம் வம்சத்தை இப்படி ஆக்கிவிட்டோம்."

மருப்பன் மெல்லத் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. தன் தந்தையின் காலத்தில் இந்தக் கரை முழுக்கப் பன்றிகளாக இருந்தது. இப்போது பாதிக் கரை காலி. அரசிகள் வந்தார்கள், கொண்டாட்டங்கள் நடந்தன, கூட்டம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. இந்த வழக்கத்துக்கு யோசனை சொன்னது யார் என்று அதற்கு நினைவு வந்தது.

"நயவன் எங்கே?" என்றது அது.

"ஒற்றைக் காதோடு காட்டைவிட்டே ஓடிவிட்டான்" என்றது தவிட்டி.

அடுத்த இணைசேரும் பருவம் வந்தது. பூசணியின் மகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஈச்சியின் முன் வந்து நின்றது. ஈச்சி தலையை ஆட்டி மறுத்துவிட்டது. தவிட்டியின் மூத்த மகன் சாம்பனைத் துணையாகத் தேர்ந்தெடுத்தது.

"ஆறு போட்டவள் மகனையா!" என்று சிலர் சிரித்தார்கள்.

"பிறந்த ஆறு பேரும் உயிரோடிருக்கும் வீட்டு மகனை!" என்றது ஈச்சி.

அந்த முறை ஒன்பது குட்டிகள் பிறந்தன. எல்லாம் கனத்த குட்டிகள். பிறந்த உடனே எழுந்து நடந்தன. ஒன்பதும் பிழைத்தன. அதைப் பார்த்து மற்ற பெண்பன்றிகளும் யோசித்தார்கள். யாருடைய குட்டிகள் நடக்கின்றன, எந்தத் தாய் அடியில் முனகல் கேட்டதும் எழுகிறாள் என்று பார்த்து, அந்த வீட்டிலேயே பெண் எடுத்தார்கள், பிள்ளை எடுத்தார்கள். மருப்பன் தாழம்புதரைக் கலைத்தது. ஒவ்வொரு தாய்க்கும் சரிவில் ஒரு காய்ந்த இடம் ஒதுக்கியது. சரிவின் அடியில் தானே காவல் நின்றது.

பூசணி மட்டும் குட்டைக்கரையை விட்டு நகரவில்லை.

மழை இறங்கும் ஒரு மாலையில் ஈச்சி தன் கூட்டுக்குப் புல் கொண்டுவந்தது. பாறையடியில் யாரோ நிற்பது தெரிந்தது. நிறைசினையாகப் பூசணி நின்றது. 

"ஈச்சி" என்றது அது.  தலையைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி தொடங்கியது. "எனக்குப் படுக்கப் பயமாக இருக்கிறது. இன்று நேற்று இல்லை. அரசியாக இருந்தபோதெல்லாம் பயந்துகொண்டுதான் இருந்தேன். யாரிடம் சொல்வது?"

ஈச்சி பூசணியின் பழைய சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயில் கவ்வியிருந்த புல்லைப் பக்கத்துப் பாறையின் அடியில் கொண்டுபோய்ப் போட்டது. மறுபடி போய் இன்னொரு கட்டைக் கவ்வி வந்தது. பூசணி மெல்ல மண்டியிட்டது. அது முழுதாகப் படுக்கும்வரை ஈச்சி அதன் தோளுக்குத் தோள் கொடுத்து நின்றது.

எத்தனை பிறந்தன என்று பெருமை பேசும் கூட்டம் தேய்ந்துபோகும். பிறந்த உயிருக்கு இடமும் சூடும் பாலும் தந்து, அப்படி வளர்க்கத் தெரிந்த வம்சத்தைத் தேர்ந்துகொள்ளும் கூட்டமே நிலைத்து வாழும்.